ஆகமத்தை அறிந்தவர் யார்? அனைத்துச் சாதியினர் அர்ச்சகர் நியமனம்: ஒரு நிகழ்வு ஆய்வு

2023ஆம் ஆண்டில், சில மாத இடைவெளியில், சென்னை உயர் நீதிமன்றத்தின் இரண்டு தனி நீதிபதிகள், கோயிலில் யார் அர்ச்சகராகலாம் என்ற ஏறத்தாழ ஒரே கேள்விக்கு இருவேறு விடைகளைச் சொன்னார்கள். மார்ச் மாதத்தில் மதுரைக் கிளை, திருச்சி அருகேயுள்ள குமாரவயலூர் முருகன் கோயிலில் அரசுப் பயிற்சிப் பள்ளியில் படித்த இருவரின் அர்ச்சகர் நியமனத்தை ரத்து செய்தது. அது காமிக ஆகமம் என்ற சைவ வழிபாட்டு விதிநூலின்படி பூசை நடக்கும் கோயில், அங்கே ஆதிசைவ மரபினர் எனப்படும் சிவன் கோயில் அர்ச்சகர் குடியினர்தாம் அர்ச்சகராக முடியும் என்பது காரணம். ஜூன் மாதத்தில் சேலம் சுகவனேசுவரர் கோயில் வழக்கில் நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ், அர்ச்சகர் நியமனத்தில் சாதிவழிப் பரம்பரைக்கு எந்தப் பங்கும் இல்லை என்றார். அந்தக் கோயிலின் ஆகமத்தில் தேர்ச்சி இருக்கிறதா என்பதை மட்டும் பார்த்தால் போதும் என்பது அவர் தீர்ப்பின் சாரம்.

இரண்டுக்கும் பின்னால் நிற்பவை 1972, 2015ஆம் ஆண்டுகளின் அதே உச்ச நீதிமன்றத் தீர்ப்புகள்தாம். ஒரே சட்டம் மார்ச்சில் கதவை மூடவும் ஜூனில் திறக்கவும் இடம்கொடுத்தது எப்படி? சட்டம் படித்தவர்கள் மட்டும் விடை தேடினால் இது தீராது. மானிடவியல், ஆகம நூலாய்வு, கோயில் வரலாறு ஆகிய துறைகள் இதைப் பற்றி அரை நூற்றாண்டாகப் பேசிவருகின்றன. அவை சொன்னவற்றில் பெரும்பகுதி நீதிமன்றங்களின் காதில் விழவில்லை என்பது என் கருத்து. அதனால்தான் இந்த வழக்கை முதலிலிருந்து எடுத்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

1970: சட்டமும் அதன் பின்னணியும்

அர்ச்சகர் தொழில் பிறப்புரிமையாக இருக்கக் கூடாது என்ற கோரிக்கை திராவிட இயக்கத்துக்கு மட்டும் உரியதன்று. 1936இலேயே அம்பேத்கர் இதைத் தெளிவான திட்டமாக முன்வைத்தார். புரோகிதம் பரம்பரைத் தொழிலாக இருக்கக் கூடாது, இந்து என்று சொல்லிக்கொள்ளும் எவரும் அதற்குத் தகுதி பெறலாம், அரசு நடத்தும் தேர்வில் தேறிச் சான்று பெற்றவரே சடங்கு நடத்த வேண்டும் என்றார். தீண்டாமை பற்றி ஆராய மத்திய அரசு அமைத்த இளையபெருமாள் குழு, 1969இல் இதே திசையில் பரிந்துரை செய்தது. குழுவின் தலைவர் தென்னார்க்காட்டைச் சேர்ந்த எல். இளையபெருமாள். அதே காலத்தில் பெரியார் கருவறை நுழைவுக் கிளர்ச்சியை அறிவித்தார். முதலமைச்சர் கருணாநிதி சட்டம் கொண்டுவருவதாக உறுதி சொன்னதால் 1970 ஜனவரி 26 அன்று நடக்கவிருந்த அந்தக் கிளர்ச்சி தள்ளிவைக்கப்பட்டது.

1970 டிசம்பர் 2 அன்று சட்டமன்றம் நிறைவேற்றிய திருத்தம், 1959ஆம் ஆண்டு இந்து சமய அறநிலையச் சட்டத்தின் 55ஆம் பிரிவில் கைவைத்தது. வாரிசு என்பதாலேயே ஒருவர் அர்ச்சகராக நியமனம் பெறும் முறை நீக்கப்பட்டது. சிவன் கோயில் அர்ச்சகர்களான சிவாச்சாரியார்களும் பெருமாள் கோயில் அர்ச்சகர்களான பட்டாச்சாரியார்களும் மடாதிபதிகளும் உச்ச நீதிமன்றம் சென்றார்கள். சேஷம்மாள் வழக்கு என்று அறியப்படும் அந்த மனுக்களின் மீது 1972 மார்ச் 14 அன்று ஐந்து நீதிபதிகள் தீர்ப்பளித்தார்கள். தீர்ப்பை எழுதியவர் நீதிபதி பாலேகர்.

திருத்தம் செல்லும் என்று அந்தத் தீர்ப்பு சொன்னது. அர்ச்சகரை நியமிப்பது சமயம் சாராத நிர்வாகச் செயல், எனவே வாரிசுரிமையைச் சட்டம் நீக்கலாம். ஆனால் நியமனம் பெற்றவர் செய்யும் பூசை சமயச் செயல். ஆகமம் குறிப்பிடும் பிரிவைச் சேராதவர் விக்கிரகத்தைத் தொட்டால் அது தீட்டுப்படும் என்பது வழிபடுவோரின் நம்பிக்கை, அந்த நம்பிக்கைக்கு அரசமைப்பின் பாதுகாப்பு உண்டு. ஆகமத்துக்கு மாறாக யாரையும் நியமிக்கும் எண்ணம் இல்லை என்று அரசுத் தரப்பில் சொன்னதையும் நீதிமன்றம் குறித்துக்கொண்டது.

அதாவது தந்தை அர்ச்சகர் என்பதற்காக மகனை நியமிக்க வேண்டியதில்லை. ஆனால் அதே மரபுப் பிரிவில் பிறந்த வேறொருவரைத்தான் நியமிக்க வேண்டும். அரசு வழக்கில் வென்றது, நோக்கம் தோற்றது. பெரியார் 1973 டிசம்பரில் இறந்தார். இந்தப் பிரச்சினையைப் பெரியாரின் நெஞ்சில் தைத்த முள் என்று கருணாநிதி வாழ்நாள் முழுவதும் சொல்லிவந்தார்.

"இது சாதி அல்ல" என்ற வாதம்

சிவாச்சாரியார்கள் தரப்பின் வலுவான வாதத்தை அதன் முழு வலிமையோடு எடுத்துக்கொள்ள வேண்டும். வைகானசம் என்ற வைணவ ஆகம மரபைப் பின்பற்றும் கோயிலில் வைகானசக் குடியில் பிறக்காத எந்தப் பிராமணரும் மூலவரைத் தொட முடியாது. வேதத்தில் கரைகண்ட, அர்ச்சகர் குடியல்லாத ஸ்மார்த்தப் பிராமணராக இருந்தாலும் சிவன் கோயில் கருவறைக்குள் சென்று பூசை செய்ய முடியாது. பிராமணர்களில் மிகப் பெரும்பாலோருக்கே இடமில்லாத ஒரு விதியைச் சாதிப் பாகுபாடு என்று எப்படிச் சொல்வது? 1972 தீர்ப்பும் ஏறக்குறைய இதையே ஏற்றது.

இந்த வாதத்தில் உண்மை இருக்கிறது. மதுரை மீனாட்சியம்மன் கோயில் பட்டர்களிடையே 1970களின் நடுவில் களப்பணி செய்த பிரிட்டிஷ் மானிடவியலாளர் சி.ஜே. ஃபுல்லர், மற்ற பிராமணர்கள் கோயில் அர்ச்சகர்களைத் தங்களுக்குச் சமமாக மதிப்பதில்லை என்று பதிவு செய்திருக்கிறார். அர்ச்சகர் குடும்பங்களின் வறுமையையும் அவர் விரிவாக எழுதினார். தட்டில் விழும் காசை நம்பி வாழும் ஒருவரை ஆதிக்கத்தின் உருவமாக மட்டும் காட்டுவது நியாயமன்று.

ஆனாலும் அந்த வாதம் கேள்வியை மாற்றிவிடுகிறது. ஸ்மார்த்தர் வெளியே நிற்பதும் பட்டியல் சாதியில் பிறந்தவர் வெளியே நிற்பதும் ஒரே விதியால் நடக்கலாம், விளைவு ஒன்றல்ல. முன்னவருக்கு அது வேறு பிரிவினரின் உரிமை என்ற அளவோடு முடிகிறது. பின்னவரோ, 1939 ஜூலை 8 அன்று வைத்தியநாதய்யர் அழைத்துச் செல்லும்வரை அதே மீனாட்சி கோயிலின் வாசலைக்கூடத் தாண்ட முடியாதவர். அன்று பட்டர்களில் பெரும்பாலோர் கோயில் தீட்டுப்பட்டது என்று பூசையை விட்டு வெளியேறினார்கள், சில ஆண்டுகள் கழித்தே திரும்பினார்கள். தீட்டு என்ற அதே கருத்து, வாசலிலிருந்து கருவறைப் படிக்கு நகர்ந்திருக்கிறது. பிறப்பை வைத்து ஒருவரின் கை தீட்டானது என்று சொல்வதைத் தீண்டாமையை ஒழிக்கும் அரசமைப்பின் 17ஆம் பிரிவு அனுமதிக்கிறதா என்ற கேள்வியை 1972இன் நீதிபதிகள் நேராக எதிர்கொள்ளவே இல்லை. அவர்கள் சமய உரிமை பற்றிய 25, 26ஆம் பிரிவுகளோடு நின்றுகொண்டார்கள்.

ஆகமத்தைப் படித்தவர்கள் சொல்வது

நீதிமன்றம் "ஆகமம்" என்று சொல்லும்போது, எழுதி முடித்து அலமாரியில் இருக்கும் ஒரு சட்டப் புத்தகத்தைப் போல அதைக் கருதுகிறது. சைவத்தில் மூல ஆகமங்கள் 28 என்பது மரபு. வைணவத்தில் வைகானசம், பாஞ்சராத்திரம் என்ற இரண்டு மரபுகள், ஒவ்வொன்றிலும் சங்கிதைகள் எனப்படும் பல நூல்கள். இவற்றில் பல இன்றும் முழுமையாகக் கிடைக்கவில்லை. கிடைப்பவற்றைச் சேகரித்துப் பதிப்பித்ததில் 1955இல் தொடங்கிய புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்துக்குப் பெரும்பங்கு உண்டு. அங்குள்ள சைவச் சுவடித் தொகுப்பை 2005இல் யுனெஸ்கோ உலக நினைவகப் பதிவேட்டில் சேர்த்தது.

அந்தச் சுவடிகளோடு பல ஆண்டுகள் வாழ்ந்த ஏலேன் புரூனர் போன்ற அறிஞர்கள் வந்தடைந்த முடிவு கவனிக்கத்தக்கது. இன்று கோயில் நடைமுறைக்கு ஆதாரமாகக் காட்டப்படும் ஆகமப் பகுதிகளில் பல, தென்னிந்தியக் கோயில்களில் ஏற்கெனவே நிலைபெற்றிருந்த வழக்கத்தைப் பிற்காலத்தில் எழுத்தில் வடித்தவை. தனக்காகச் செய்யும் ஆன்மார்த்த பூசை எவருக்கும், ஊருக்காகக் கோயிலில் செய்யும் பரார்த்த பூசை ஆதிசைவருக்கு மட்டும் என்ற பிரிவினையும் பழைய நூல்களில் இவ்வளவு இறுக்கமாக இல்லை என்பது அவர்கள் வாதம். சைவ சித்தாந்த மரபு தீட்சையைப் பிராமணரோடு நிறுத்தவில்லை என்பது தமிழ்நாட்டு மடங்களைப் பார்த்தாலே தெரியும். தருமபுரமும் திருவாவடுதுறையும் வேளாளர் தலைமையில் நூற்றாண்டுகளாக நடந்துவரும் ஆதீனங்கள். பிராமணர் அல்லாத குரு தீட்சை கொடுக்கலாம், சாத்திரம் உரைக்கலாம். மூலவரைத் தொடுவது மட்டும் அவருக்குக் கூடாது.

ஃபுல்லரின் களப்பணி இன்னொரு முக்கியமான செய்தியைத் தருகிறது. அவர் முதலில் மதுரைக்குச் சென்ற காலத்தில் பட்டர்களில் பெரும்பாலோர் ஆகமம் படித்தவர்கள் அல்லர். தந்தையும் மாமாவும் செய்வதைப் பார்த்துப் பூசையைக் கற்றவர்கள். இதைக் குறையாகச் சொல்ல மாட்டேன், கைத்தொழில்கள் பலவும் அப்படித்தான் கைமாறுகின்றன. பிறகு 1990களில் அவர் கண்டது வேறு. இளைய தலைமுறை ஆகம பாடசாலைகளுக்குச் சென்று முறையாகப் படித்துவந்தது. அரசும் நீதிமன்றங்களும் "ஆகமத் தகுதி" என்பதை முன்னிறுத்தியது இந்த மாற்றத்துக்கு ஒரு காரணம். படிப்பு என்பது தகுதியின் அளவுகோல் ஆனபோது, பரம்பரைக் குடும்பங்கள் அதை ஏற்றுத் தங்களை வலுப்படுத்திக்கொண்டன. அதே படிப்பை மற்றவர்கள் முடித்து வந்து நின்றபோது, படிப்பு போதாது, பிறப்பும் வேண்டும் என்றார்கள்.

பயிற்சி பெற்றவர்களின் பதினைந்து ஆண்டுகள்

எம்.ஜி.ஆர் ஆட்சிக் காலத்தில் நீதிபதி மகாராஜன் தலைமையிலான குழுவும் அனைத்துச் சாதியினரும் பயிற்சி பெற்று அர்ச்சகராகலாம் என்றது. நடைமுறைக்கு எதுவும் வரவில்லை. மீண்டும் ஆட்சிக்கு வந்த தி.மு.க. அரசு 2006 மே 23 அன்று, உரிய பயிற்சியும் தகுதியும் உள்ள இந்துக்கள் எவரும் அர்ச்சகராகலாம் என்று அரசாணை பிறப்பித்தது. நீதிபதி ஏ.கே. ராஜன் தலைமையிலான குழுவின் வழிகாட்டலில் மதுரை, பழனி, திருச்செந்தூர், திருவண்ணாமலை ஆகிய ஊர்களில் சைவப் பள்ளிகளும் திருவரங்கத்திலும் திருவல்லிக்கேணியிலும் வைணவப் பள்ளிகளும் திறக்கப்பட்டன. இருநூறுக்கும் சற்று மேற்பட்ட இளைஞர்கள் ஓராண்டு படித்துத் தீட்சையும் சான்றிதழும் பெற்றார்கள்.

அரசாணைக்கு எதிரான வழக்கு அவர்கள் பயிற்சியில் சேர்வதற்கு முன்பே உச்ச நீதிமன்றத்தில் இருந்தது. தீர்ப்பு வந்தது 2015 டிசம்பர் 16 அன்று. இடைப்பட்ட காலத்தில் அவர்கள் செய்த வேலை, கைக்கொண்ட தொழில் எதற்கும் அந்தச் சான்றிதழ் உதவவில்லை. தங்களுக்கென ஒரு சங்கம் அமைத்து வழக்கில் தங்களையும் சேர்த்துக்கொண்டு காத்திருந்தார்கள். இந்த நிகழ்வில் என்னை மிகவும் உறுத்துவது இதுதான். அரசு அழைத்தது என்று வந்தவர்கள், அரசும் சிவாச்சாரியார் சங்கங்களும் மோதிக்கொண்ட களத்தின் நடுவில் தங்கள் இருபதுகளைக் கழித்தார்கள்.

நீதிபதிகள் ரஞ்சன் கோகாய், என்.வி. ரமணா அமர்வின் 2015 தீர்ப்பு அரசாணையை ரத்து செய்யவில்லை. ஆகமப்படியே நியமனம் நடக்க வேண்டும் என்றது. கூடவே ஒரு வரம்பையும் வைத்தது. ஆகமம் சிலரைச் சேர்த்துச் சிலரை விலக்கலாம், ஆனால் அந்த விலக்கு சாதியையோ பிறப்பையோ அரசமைப்பு ஏற்காத வேறெதையுமோ அடிப்படையாகக் கொள்ளக் கூடாது. பிறகு, கோயிலுக்குக் கோயில் வழக்குக்கு வழக்கு இதைத் தீர்மானித்துக்கொள்ளுங்கள் என்று விட்டுவிட்டது. ஒரு வாசகம் ஆகமத்தை முன்னே நிறுத்துகிறது, மற்றது சமத்துவத்தை முன்னே நிறுத்துகிறது. 2023இன் இரண்டு தீர்ப்புகளும் ஆளுக்கொரு வாசகத்தைப் பிடித்துக்கொண்டதில் வியப்பில்லை.

பயிற்சி பெற்றவர்களில் ஒருவருக்கு முதல் நியமனம் 2018இல் கிடைத்தது, மதுரை தல்லாகுளம் ஐயப்பன் கோயிலில். 2021 ஆகஸ்ட் 14 அன்று முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் மயிலாப்பூரில் 58 பேருக்கு நியமன ஆணை வழங்கினார். அவர்களில் 24 பேர் அரசுப் பள்ளிகளில் படித்த பல சாதி அர்ச்சகர்கள். குமாரவயலூர் நியமனங்களும் அந்த ஆண்டைச் சேர்ந்தவைதாம். பணி விதிகள் அர்ச்சகருக்கான வயதை 18 முதல் 35 வரை என்று வைத்திருக்கின்றன. 2007இல் இருபது வயதில் பள்ளியில் சேர்ந்தவருக்கு 2022இல் அந்த வயது வந்துவிடும்.

2022 ஆகஸ்ட் 22 அன்று உயர் நீதிமன்றத்தின் தலைமை நீதிபதி அமர்வு அந்தப் பணி விதிகளை ஏற்றுக்கொண்டு, ஆகமக் கோயில்களின் அர்ச்சகர் நியமனத்துக்கு அவை பொருந்தா என்றது. எவை ஆகமக் கோயில்கள் என்று அடையாளம் காண நீதிபதி எம். சொக்கலிங்கம் தலைமையில் ஐவர் குழுவை அமைத்தது. 1972இலிருந்து ஐம்பது ஆண்டுகள் நீதிமன்றங்கள் "ஆகமக் கோயில்" என்ற வகையை வைத்துத் தீர்ப்பெழுதியிருக்கின்றன. அறநிலையத் துறையின் கீழுள்ள நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்ட நிறுவனங்களில் எவையெவை அந்த வகைக்குள் வருகின்றன என்ற பட்டியல் மட்டும் அதுவரை யாரிடமும் இல்லை.

ஆதாரம் காட்ட வேண்டியவர் யார்?

கேரளத்தில் கேள்வி வேறு விதமாகக் கேட்கப்பட்டது. எர்ணாகுளம் மாவட்டத்தில் திருவிதாங்கூர் தேவசம் வாரியத்தின் ஒரு சிவன் கோயிலில் பிராமணர் அல்லாத ஈழவர் சமூகத்தவர் ஒருவர் சாந்திப் பணிக்கு, அதாவது அர்ச்சகராக, நியமிக்கப்பட்டார். மலையாளப் பிராமணர்தாம் பூசை செய்ய வேண்டும் என்று அதை எதிர்த்தவர் வழக்கு தொடுத்தார். 2002 அக்டோபர் 3 அன்று உச்ச நீதிமன்றம் மனுவை ஏற்கவில்லை. அந்தக் கோயிலை நிறுவியவர் அப்படியொரு தனி வழக்கத்தை ஏற்படுத்தினார் என்பதற்குப் போதிய சான்று இல்லை என்றது. அப்படியொரு வழக்கம் இருந்திருந்தாலும் மனித மாண்புக்கும் சமத்துவத்துக்கும் எதிரானதை அரசமைப்புக்குப் பின் ஏற்க முடியாது என்றும் சொன்னது. 2017இல் அதே வாரியம் தேர்வு நடத்திப் பிராமணர் அல்லாத 36 பேரைத் தேர்ந்தெடுத்தது, அவர்களில் ஆறு பேர் தலித்துகள்.

கேரளக் கோயில்கள் தமிழ்நாட்டைப் போல ஆகமத்தைச் சார்ந்தவை அல்ல, அங்கே தந்திர மரபு. அதனால் ஒப்பீட்டை அளவோடுதான் செய்ய வேண்டும். அங்கும் சட்டத்தோடு எல்லாம் முடியவில்லை. 2025இல் இரிஞ்ஞாலக்குடை கூடல்மாணிக்கம் கோயிலில் மாலை கட்டும் கழகப் பணிக்கு ஈழவர் ஒருவர் வந்தபோது கோயில் சடங்குகளின் தலைமைக் குருக்களான தந்திரிகள் ஒத்துழைக்க மறுத்தார்கள், அவர் அலுவலக வேலைக்கு மாற்றப்பட்டார். ஆனால் 2002 தீர்ப்பில் ஒரு முறை இருக்கிறது. விலக்க விரும்புகிறவர் சான்று காட்ட வேண்டும். தமிழ்நாட்டில் இது தலைகீழாக நிற்கிறது. இங்கே படித்துத் தீட்சை பெற்று வந்தவர், இந்தக் கோயில் தனக்கு மூடப்பட்டதன்று என்று மெய்ப்பிக்க வேண்டியிருக்கிறது.

என் நிலைப்பாடு இதுதான். ஒரு கோயிலில் குறிப்பிட்ட குடியினருக்கு மட்டும் உரிமை என்று சொல்கிறவர், எந்த ஆகமம், எந்தச் சுவடி, எந்தப் பகுதி என்று காட்ட வேண்டும். அந்தக் கோயிலில் அந்த ஆகமம்தான் மற்ற எல்லாவற்றிலும் கடைப்பிடிக்கப்படுகிறது என்றும் காட்ட வேண்டும். மின்விளக்கு, குளிர்சாதனம், சிறப்புத் தரிசன டிக்கெட் என்று ஆகமம் கேட்டறியாத பலவற்றுக்கு இடமளித்த ஒரு கோயிலில், ஆளைத் தேர்ந்தெடுப்பதில் மட்டும் விதி இம்மியும் விலகாது என்பதை வெறும் வாய்மொழியால் ஏற்க முடியாது. இவ்வளவும் காட்டிய பிறகும் 2015 தீர்ப்பின் கேள்வி மிச்சம் இருக்கிறது: எஞ்சி நிற்பது பிறப்பா, தேர்ச்சியா?

எளிதாகக் கடந்துபோக முடியாத ஒரு சிக்கலும் உண்டு. பிறப்புரிமையால் பூசை செய்பவர்கள் பிராமணர்கள் மட்டும் அல்லர். மேல்மலையனூர் அங்காளம்மன் கோயிலில் பருவதராச குலத்தார் தலைமுறைகளாகப் பூசாரிகள். ஊர்தோறும் வேளாரும் பண்டாரமும் பறையர் குலப் பூசாரிகளும் இருக்கிறார்கள். பெருங்கோயிலின் மிராசை, அதாவது பரம்பரை உரிமையை, எதிர்க்கும் அதே வாதம் அவர்களையும் தொடும். திருவல்லிக்கேணி பார்த்தசாரதி கோயிலை ஆராய்ந்த மானிடவியலாளர் அர்ஜுன் அப்பாதுரை, கோயிலில் ஒருவருக்குள்ள பங்கும் மரியாதையும் அவரது சமூக இருப்பையே தாங்கி நிற்பவை என்று காட்டினார். அந்தப் பங்கு பறிபோவது சிறு சமூகங்களுக்குப் பெரிய இழப்பு. பொதுப் பணத்தில் நடக்கும் பெருங்கோயிலையும் ஒரு குடியினரே கட்டிக் காத்த குலதெய்வக் கோயிலையும் ஒரே தராசில் வைக்க வேண்டியதில்லை என்று நினைக்கிறேன். ஆனால் எல்லைக்கோட்டை எங்கே போடுவது என்பதை அனைத்துச் சாதி அர்ச்சகர் உரிமைக்காகப் போராடுவோரும் எழுதிச் சொல்ல வேண்டும். பெண்களைப் பற்றிய கேள்வியும் அப்படியே. 2023இல் மூன்று பெண்கள் திருவரங்கப் பள்ளியில் பயிற்சியை முடித்தார்கள். மேல்மருவத்தூரில் பெண்கள் கருவறையில் பூசை செய்வதைத் தமிழ்நாடு பல பத்தாண்டுகளாகப் பார்த்துவருகிறது. ஆகமக் கோயில்களில் அவர்களுக்கான விவாதம் இன்னும் நீதிமன்றப் படியையே ஏறவில்லை.

வருமானம் பற்றியும் ஒரு சொல். 2021இல் பன்னிரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட கோயில்கள் ஒருகால பூசைத் திட்டத்தில், வைப்புநிதி வட்டியை நம்பி விளக்கேற்றின. அங்குள்ள அர்ச்சகருக்கு அந்த ஆண்டு அரசு அறிவித்த மாத ஊக்கத்தொகை 1,000 ரூபாய். அந்த வேலைக்கு யாரும் போட்டியிட்டு வழக்குத் தொடுக்கவில்லை. வழக்குகள் எல்லாம் பெயர்பெற்ற கோயில்களைச் சுற்றியே நடக்கின்றன.

2023 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் ஆகமக் கோயில்களில் இருக்கும் நிலையே தொடர வேண்டும் என்றது. 2025 மே மாதத்தில், ஆகமம் பற்றிய சர்ச்சை இல்லாத கோயில்களில் நியமனம் செய்துகொள்ளலாம், அடையாளம் காணும் பணியை மூன்று மாதத்தில் முடிக்க வேண்டும் என்றது. அந்தப் பணியில் கேட்க வேண்டியவர்கள் சட்ட வல்லுநர்களும் அர்ச்சகர் சங்கங்களும் மட்டும் அல்லர். சுவடி படிப்பவர்கள், கல்வெட்டு அறிஞர்கள், கோயில் மானிடவியலாளர்கள் ஆகியோரின் சாட்சியம் கோயில் வாரியாகப் பதிவாக வேண்டும். அவர்களோடு, 2008இல் சான்றிதழ் வாங்கி இன்று வேறு வேலை பார்த்துக்கொண்டிருப்பவர்களையும் அழைத்து, என்ன படித்தார்கள், எந்த ஆகமத்தில் எவ்வளவு தேர்ச்சி பெற்றார்கள் என்று கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும்.